ஆடுபுலியா, காட்டுச் சதுரங்கமா, குட்டி ஷோகியா: பிள்ளைகளோடு எதை முதலில் பழகலாம்?

விதி எளிதாக இருந்தால் பழகுவதும் எளிதாக இருக்கும் என்று நம்பித்தான் பெரும்பாலான வீடுகளில் பலகை விளையாட்டு வாங்குகிறோம். பெட்டியில் ஆறு வயது என்று போட்டிருக்கிறது, விதித்தாள் இரண்டே பக்கம், படத்தில் யானையும் சிங்கமும் அழகாக இருக்கின்றன, சரி, எடுத்துவிடலாம். அப்புறம் பிள்ளை தொடர்ந்து தோற்கிறது. ஏன் தோற்கிறோம் என்று அதற்குப் புரிவதில்லை, சொல்லிக்கொடுக்கிற பெரியவருக்கும் விளக்கத் தெரிவதில்லை, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. விதியைக் கற்க ஆகிற நேரம் வேறு, ஆட்டத்தை உருப்படியாக ஆட ஆகிற நேரம் வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதை முதலில் எடுப்பது என்று தெளிவாகும் என்பது என் கருத்து.

இங்கே நான் ஒப்பிடுவது விலங்குகளை வைத்து ஆடுகிற ஐந்து ஆட்டங்களை: நம்முடைய ஆடுபுலி, நேபாளத்தின் பாக் சால், சீனாவின் காட்டுச் சதுரங்கம், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் குட்டி வடிவமான டோபுட்சு ஷோகி, அப்புறம் பெங்குவின்களை வைத்து ஆடும் ‘ஹே தட்ஸ் மை ஃபிஷ்’. ஐந்திலும் ஆடும்போது படிக்க வேண்டிய எழுத்து என்று எதுவும் கிடையாது என்பதால் மொழி ஒரு தடையே இல்லை. பெட்டி கிடைக்காவிட்டாலும் அட்டையும் பேனாவும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பரமபதத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதைவிட நல்ல துணை இல்லை, நாலு வயதுப் பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கவும் அது அருமையானது. ஆனால் அதில் ஆடுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு எதுவுமே கிடையாது. தாயம் என்ன சொல்கிறதோ அதுதான். பழகுவதற்கு அதில் ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

ஆடுபுலியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விதிக்கும் பழக்கத்துக்கும் உள்ள தூரம் அதில்தான் மிக அதிகம். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கீழே விரிகிற நான்கு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மூன்று படுக்கைக் கோடுகள், அந்த மூன்றின் நுனிகளையும் இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு செவ்வகம், அடியில் நான்கு கோடுகளின் முனைகளையும் இணைக்க இன்னொரு கோடு. மொத்தம் 23 இடங்கள். பழைய கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே படம்தான். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைத்துக்கொண்டே வர வேண்டும், பதினைந்தும் வைத்து முடித்த பிறகுதான் நகர்த்தலாம். புலி ஒரு இடம் நகரலாம், அல்லது பக்கத்தில் ஆடு நின்று அதற்கு நேர் பின்னால் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. அவ்வளவுதான் விதி, இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் இருந்தால் செலவும் இல்லை.

பழகுவதுதான் கடினம், அதுவும் ஆட்டுப் பக்கம் மிகக் கடினம். புலிக்கு ஆசை ஒன்று இருந்தால் போதும், கிடைத்ததை வெட்டிக்கொண்டே போகலாம். ஆட்டுக்காரர் முதல் ஆட்டை வைக்கும்போதே பத்தாவது ஆட்டை எங்கே வைப்போம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிதாக ஆடும் பிள்ளை ஆட்டை நடுவில் கொண்டுபோய் வைக்கும், புலி தாண்டும், அடுத்ததை அதன் பக்கத்தில் வைக்கும், அதையும் தாண்டும். ஐந்தாறு ஆடு போனதும் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்.

இதற்கு மருந்து பலகையிலேயே இருக்கிறது. மேலே சொன்ன படத்தில் ஏழு இடங்களில் நிற்கிற ஆட்டைப் புலியால் தொடவே முடியாது: உச்சிப் புள்ளி, செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள். அந்த இடங்களோடு கோடு முடிந்துவிடுகிறது, தாண்டிப் போய் இறங்க அப்பால் இடமில்லை. உச்சியில் பெரும்பாலும் புலியே உட்கார்ந்திருக்கும் என்பதால் மற்ற ஆறையும் முதலில் நிரப்பச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு கணக்கு. செவ்வகத்தின் மூலையில் நிற்கிற புலியை அடைக்க நாலே ஆடு போதும், பக்கத்து இரண்டு இடங்களில் ஒவ்வொன்று, அவற்றுக்கு நேர் பின்னால் ஒவ்வொன்று. உச்சியில் நிற்கிற புலியை அடைக்க எட்டு ஆடு வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து நான்கு வழி, ஒவ்வொரு வழியிலும் இரண்டு இரண்டு ஆடு. இருப்பதே பதினைந்து. ஆகவே புலியை மூலைப் பக்கம் தள்ளிக் கொண்டுபோவதுதான் ஆட்டுக்காரரின் வேலை. இதை வாயால் சொல்லாமல் பலகையில் ஒருமுறை வைத்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஆடுபுலியில் விதி ஊருக்கு ஊர் மாறும். புலியை முதலிலேயே வைத்துவிடுகிறவர்களும் உண்டு, ஆட்டோடு மாறி மாறி வைக்கிறவர்களும் உண்டு. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதிலும் ஒரே கணக்கு கிடையாது. பாட்டி ஒன்று சொல்வார், சித்தப்பா இன்னொன்று சொல்வார். உட்காருவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள், நடுவில் வந்தால் சண்டைதான்.

அந்தச் சண்டை வேண்டாம் என்றால் பாக் சால். குடும்பம் ஒன்றுதான், ஆனால் விதி கறாராக இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து என்று 25 புள்ளிகள், நான்கு மூலையிலும் நான்கு புலி, வெளியே காத்திருக்கும் 20 ஆடு. ஆடு முதலில். 5 ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி, நான்கு புலியும் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. இங்கேயும் இருபது ஆட்டையும் வைத்த பிறகுதான் ஆடு நகரும். மூலைக்கோடுகள் எல்லாப் புள்ளியிலும் வராது, ஒன்றுவிட்டு ஒன்றில்தான் வரும். புதிதாக ஆடுகிறவர்கள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான், குறுக்கே கோடு இல்லாத புள்ளியிலிருந்து புலியைக் குறுக்கே தாண்ட வைத்துவிடுவார்கள். கோட்டை அழுத்தமாக வரைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆட்டுப் பக்கம் பழகுவதற்கு ஆடுபுலியைவிட பாக் சால் கொஞ்சம் சுலபம் என்பேன். காரணம் இதுதான். விளிம்பில் நிற்கிற ஆட்டை விளிம்பு வழியாக மட்டுமே வெட்ட முடியும். முதல் ஆட்டை ஏதாவது ஒரு விளிம்பின் நடுப்புள்ளியில் வையுங்கள். மூலைப்புலி அதன் பக்கத்தில் வந்து நின்றால் இரண்டாவது ஆட்டை அதே விளிம்பில் ஆட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். இப்போது இரண்டு ஆடும் ஒன்றுக்கொன்று பின்னால் நிற்கின்றன, எந்தப் புலிக்கும் தாண்டி இறங்க இடமில்லை. ‘ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகு’ என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுத்தால் போதும், அடுத்த விளிம்பிலும் அதையே செய்யத் தொடங்கிவிடுவார்கள். மூலைப்புலிக்குப் பக்கத்தில் மட்டும் முதல் ஆட்டை வைத்துவிடக் கூடாது, உடனே போய்விடும். இரண்டு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் பாக் சால் டிராவில்தான் முடியும் என்று கணினி வைத்து ஆராய்ந்தவர்கள் நிறுவியிருக்கிறார்கள். அதனால் ஆட்டுப் பக்கம் எப்போதும் தோற்கும் என்று மனம் தளர வேண்டியதில்லை.

குறை என்று பார்த்தால் நேரம். இருபது ஆட்டையும் வைத்து முடிப்பதற்குள் சின்னப் பிள்ளைக்கு சலித்துவிடலாம்.

காட்டுச் சதுரங்கம் இதற்கு நேர் எதிர். விதி நிறைய, பழகுவது சுலபம். சீனாவில் இதை டோ ஷோ சி என்பார்கள். 7க்கு 9 கட்டம், ஆளுக்கு 8 விலங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: யானை 8, சிங்கம் 7, புலி 6, சிறுத்தை 5, அதற்குக் கீழே நாயும் ஓநாயும், பூனை 2, எலி 1. பெரியது சின்னதையும் தனக்குச் சமமானதையும் வெட்டும். எலி மட்டும் யானையை வெட்டும். பலகை நடுவில் இரண்டு குளம் இருக்கின்றன, அதில் எலி மட்டும்தான் இறங்கும், சிங்கமும் புலியும் அதை ஒரே தாவலில் தாண்டும், தாவுகிற வழியில் எலி நீந்திக்கொண்டிருந்தால் தாண்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குகை, அதைச் சுற்றி மூன்று பொறிகள். எதிரியின் பொறியில் கால் வைத்தால் யானையானாலும் பலம் பூஜ்யம், யாரும் வெட்டலாம். எதிரியின் குகைக்குள் நம் விலங்கு ஏதாவது ஒன்று நுழைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

எழுதிப் பார்த்தால் நீளமாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றுமே மறப்பதில்லை. யானை பெரிது, பூனை சின்னது, எலி நீந்தும், சிங்கம் தாவும் என்பதையெல்லாம் விதி என்றே அவர்கள் நினைப்பதில்லை, கதை என்று நினைக்கிறார்கள். அதனால்தான் ஆறு வயதில் தொடங்குவதற்கு இதை நான் மேலே வைக்கிறேன். யோசனையும் தானாக வளரும். முதலில் யானையை ஓட்டிக்கொண்டு முன்னால் வருவார்கள், எலியிடம் அதைப் பறிகொடுப்பார்கள், அடுத்த ஆட்டத்தில் எதிரி எலி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் யானையைத் தொடுவார்கள். ஒரு தோல்விக்கு ஒரே ஒரு காரணம், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற காரணம் என்பது பழகுகிறவர்களுக்குப் பெரிய வரம். ஆடுபுலியில் அது கிடைப்பதில்லை.

முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு. நாய் பெரிதா ஓநாய் பெரிதா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், காயில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கிற எலி அங்கிருந்தபடியே கரையில் நிற்கும் யானையை வெட்ட முடியாது, முதலில் கரை ஏற வேண்டும். இந்த இரண்டாவதில் சண்டை வராத வீடே இருக்காது. கடைசிக் கட்டத்தில், இரண்டு மூன்று காய்களே மிஞ்சியிருக்கும்போது, ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டே ஆட்டம் இழுக்கும். அப்படி இழுத்தால் டிரா என்று கைகுலுக்கிவிட்டு அடுத்த ஆட்டம் தொடங்குவது நல்லது.

நேரம்தான் உங்கள் பிரச்சினை என்றால் டோபுட்சு ஷோகி. ஜப்பானின் தொழில்முறை ஷோகி வீராங்கனை மடோகா கிடாவோ 2008இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஷோகியைக் கொண்டுசெல்ல வடிவமைத்தது, படங்கள் மைகோ ஃபுஜிதா வரைந்தவை. 3க்கு 4, மொத்தமே 12 கட்டம். ஆளுக்கு நான்கு காய்: சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, யானை, கோழிக்குஞ்சு. எல்லாமே ஒரு கட்டம்தான் நகரும். சிங்கம் எட்டுத் திசையிலும், ஒட்டகச்சிவிங்கி நேராக நான்கு பக்கமும், யானை குறுக்காக நான்கு பக்கமும், குஞ்சு முன்னால் மட்டும். கடைசி வரிசையைத் தொட்ட குஞ்சு கோழியாகிவிடும், பின்பக்க மூலை இரண்டைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். எந்தப் பக்கம் போகலாம் என்பதற்குக் காயிலேயே புள்ளி வைத்திருக்கிறது, நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரியின் சிங்கத்தைப் பிடித்தால் வெற்றி, அல்லது நம் சிங்கம் எதிரியின் கடைசி வரிசைக்கு வெட்டுப்படாத இடமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாலும் வெற்றி.

இதில் கடினமான விதி ஒன்றே ஒன்று. பிடித்த காய் நம்முடையதாகிவிடும், நம் முறை வரும்போது நகர்த்துவதற்குப் பதிலாக அதைக் காலியான எந்தக் கட்டத்திலும் இறக்கலாம். செஸ் ஆடிப் பழகிய அப்பாக்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், வெட்டிய காய் போய்விட்டது என்றே அவர்கள் கை நினைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

தொடக்க நிலையைப் பாருங்கள், இந்த ஆட்டத்தின் வேகம் புரியும். இருவரின் குஞ்சுகளும் நடுவரிசையில் நேருக்கு நேர் மூக்கை உரசிக்கொண்டு நிற்கின்றன. முதலில் ஆடுகிறவர் எதிரிக் குஞ்சை உடனே பிடிக்கலாம், பிடித்த நொடியில் அவர் குஞ்சு எதிரி சிங்கத்துக்கு நேர் முன்னால் நிற்கிறது, அதாவது முதல் நகர்விலேயே சிங்கத்துக்கு ஆபத்து. எதிரி சும்மா இருக்க முடியாது, யானையாலோ சிங்கத்தாலோ அந்தக் குஞ்சைப் பிடித்தாக வேண்டும், அல்லது சிங்கத்தை நகர்த்த வேண்டும். யானையால் பிடித்தால் என்ன ஆகும், சிங்கத்தால் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்த ஒரு இடத்தை வைத்துக்கொண்டே ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆடலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட்சுரோ தனாகா 2009இல் கணினியில் இதை முழுதுமாக ஆராய்ந்து, இருவரும் பிழையின்றி ஆடினால் இரண்டாவதாக ஆடுபவர் 78ஆவது நகர்வில் வெல்வார் என்று காட்டினார். 12 கட்டத்துக்குள் 78 நகர்வு ஆழம் என்றால் இது வெறும் குழந்தை விளையாட்டு இல்லை என்பது விளங்கும்.

பழகுவதற்கு இதன் பெரிய பலம், தோற்றால் உடனே அடுத்தது ஆடலாம். ஐந்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், சாப்பாடு ஆவதற்குள் மூன்று நான்கு ஆடிவிடலாம். நீண்ட ஆட்டத்தில் தோற்ற பிள்ளை மறுநாள் உட்கார மறுக்கும், குட்டி ஆட்டத்தில் தோற்ற பிள்ளை ‘இன்னொன்று’ என்று கேட்கும்.

இதுவரை சொன்ன நான்குமே இருவர் ஆட்டம். வீட்டில் அக்காவும் தம்பியும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் இவை உதவாது, ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு தவறான யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். அதற்குத்தான் பெங்குவின் ஆட்டம். 2003இல் வந்தது, இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். 60 அறுகோண ஓடுகள், 30இல் ஒரு மீன், 20இல் இரண்டு, 10இல் மூன்று. ஓடுகளைப் பனிப்பாறையாக அடுக்கி, ஒரு மீன் ஓடுகளில் பெங்குவின்களை வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். உங்கள் பெங்குவினை நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஓடு இல்லாத இடத்தையோ இன்னொரு பெங்குவினையோ தாண்டக் கூடாது. நகர்ந்ததும், கிளம்பிய ஓட்டை எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த இடம் தண்ணீராகிவிடும். யாராலும் நகர முடியாதபோது மீன்களை எண்ணுங்கள்.

நான்கு பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டே பெங்குவின், ஒன்று சிக்கிக்கொண்டால் பாதிப் படை போச்சு. புதிதாக ஆடுகிறவர்கள் மூன்று மீன் ஓட்டைத் தேடி ஓடுவார்கள், கொஞ்சம் பழகியவர்கள் அடுத்தவரைத் துண்டாக வெட்டித் தனித்தீவில் மாட்டிவிடப் பார்ப்பார்கள். இரண்டாவதுதான் ஜெயிக்கிற வழி, ஆனால் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆட்டம் கொஞ்சம் கொடூரமாகிவிடும், தம்பி எளிதில் கோபப்படுகிறவன் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை, அறுபது ஓட்டையும் ஏழும் எட்டுமாக எட்டு வரிசையில் ஒவ்வொரு முறையும் அடுக்க வேண்டும், கை பட்டால் கலைந்துவிடும். அடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால் அவர்களுக்கு அதுவும் விளையாட்டுதான்.

நேராக விங்ஸ்பேன் வாங்கிவிடலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எலிசபெத் ஹார்கிரேவ் வடிவமைத்து 2019இல் வந்த பறவை விளையாட்டு அது, 170 பறவை அட்டைகள், ஒவ்வொன்றும் ஓவியம் போல இருக்கும், நானும் அதன் ரசிகன். ஆனால் பெரும்பாலான அட்டைகளில் ஆங்கிலத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு ஆட வேண்டும். விலையும் அதிகம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பறவை மேல் ஏற்கெனவே ஆர்வம் இருந்தால் வாங்குங்கள், முதல் விளையாட்டாக வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? ஆறேழு வயதுப் பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டும் என்றால் காட்டுச் சதுரங்கம், யோசிக்காமல் எடுங்கள். பிள்ளைக்கு எட்டைத் தாண்டிவிட்டது, உங்களுக்கு வேலை விட்டு வந்து கிடைப்பது அரைமணி நேரம் என்றால் டோபுட்சு ஷோகி, அதிலும் அப்பா அம்மா பாதி ஆட்டங்களுக்கு ஒட்டகச்சிவிங்கியை எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும், போட்டி சமமாக இருக்கும். நான்கு பேர் என்றால் பெங்குவின். ஆடுபுலி தெரிந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள், ஆடுபுலிதான். அந்த ஆட்டத்தை விதித்தாளிலிருந்து கற்பதும் ஆடத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்து கற்பதும் ஒன்றாகாது. எந்த ஆட்டை எப்போது விட்டுக்கொடுப்பது, புலியை எந்தப் பக்கம் இழுப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது, அவர்களுக்கே அதை வார்த்தையில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அப்படி ஆள் இல்லாத வீட்டில் பாக் சாலில் தொடங்கி, ஆட்டுப் பக்கம் கைவந்த பிறகு ஆடுபுலிக்கு வாருங்கள்.

எந்தப் புலி ஆட்டத்தில் தொடங்கினாலும் முதல் சில நாள் பிள்ளைக்குப் புலியைக் கொடுத்துவிட்டு ஆட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆட்டை எங்கெங்கே வைக்கிறீர்கள் என்று வெட்டக் காத்திருக்கிற பிள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டையும் வைக்கும்போது ‘இது ஏன் இங்கே?’ என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். எல்லாப் புலியும் ஒருமுறை அடைபட்ட பிறகு பிள்ளையே பக்கம் மாறிக்கொள்ளக் கேட்கும், அப்போது ஆட்டைக் கொடுங்கள்.